இல்லற்றோர் இட்ட விருந்து: பயண இலக்கியமும் சப்பிரகமுவத் தோட்டங்களும்

தமிழிலே பயண இலக்கியம் என்று கொள்ளப்படுவனவற்றுள் பெரும்பாலானவை ஏதேனும் ஓரிடத்தில் விருந்தோம்பலைப் பேசாமல் முடிவதில்லை. பெருநகரத்தை விட்டு விலகிச் சிற்றூர் ஒன்றில் இறங்கும் பயணி, முன்பின் அறியாத ஒருவரது திண்ணையில் அமர்ந்து மோரோ காப்பியோ பருகி, அவ்வூராரின் வெள்ளை உள்ளத்தை வியந்து எழுதுவது ஒரு மரபாகவே வேரூன்றிவிட்டது. இம்மரபு பொய்யானது என்று கூறுவதற்கில்லை. எனினும் இப்புகழுரை எப்போதும் விருந்துண்டவரின் வாயிலிருந்தே பிறக்கின்றது. விருந்திட்டவர் எத்தகைய கூரையின்கீழ் வாழ்கின்றார், அக்கூரை யாருக்கு உரியது, ஒருவரை உள்ளே அழைப்பதற்கு அவர் வேறெவரிடமாவது இசைவு பெறவேண்டியிருந்ததா என்னும் வினாக்கள் அங்கு எழுவது அரிது. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டங்களை முன்னிறுத்தி நோக்கும்போது இவ்வினாக்களைத் தவிர்த்துவிட்டு விருந்தோம்பலைப் பற்றிப் பேசுவது இயலாது என்பது புலனாகும்.

பயணத்தையும் விருந்தையும் இணைத்துப் பேசும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படைகள் அடிப்படையில் வழிநடைப் பாடல்களே. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழியைச் சொல்கின்றான். வழியிலுள்ள ஒவ்வொரு நிலத்து மக்களும் தத்தம் நிலத்தில் விளைவதைக் கொண்டு எவ்வாறு உணவளிப்பர் என்பதையும் கூறுகின்றான். இவற்றுள் மலைபடுகடாம் ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய அந்நூலிலே, மலைச்சாரற் குடியிருப்பை அடையும் கூத்தர்கள் தம் சொந்த வீட்டுக்குள் செல்வதுபோலத் தயங்காது நுழையலாம், உரிமையுடையவர்போல் எவரையும் கேளாமலே உறவாடலாம் எனச் சொல்லப்படுகின்றது. குறவர் தினைச் சோற்றையும் நெய்யில் வெந்த இறைச்சியையும் இடுவர். கேளாமற் புகும் உரிமை விருந்தினனுக்கு உண்டெனின், கேளாமற் புகவிடும் உரிமை வீட்டாருக்கு இருக்கின்றது என்பது அதன் உட்கிடை. மலையில் வாழும் அம்மக்கள் அம்மலைக்கும் அதன் விளைவுக்கும் உரியவர்களாகக் காட்டப்படுகின்றனர்.

சிறுபாணாற்றுப்படையில் இதற்கு மறுதலையான காட்சி ஒன்று உண்டு. பசியால் வாடிய பாணன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து உப்பின்றிச் சமைக்கின்றாள். அயலார் கண்டால் நாணமென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதை உண்கின்றாள். வறுமையின் கொடுமையைக் காட்டுவதற்குப் புலவர் தேர்ந்தது மூடிய கதவு. உண்ண இல்லாமையினும் பகிர இயலாமையே பெரிய அவமானம் என்பது அக்காட்சியின் பொருள் எனலாம்.

திருவள்ளுவர் இதற்கு ஓர் ஒழுங்கமைதி தருகின்றார். திருக்குறளில் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம், அது இல்லறவியலின்பாற்பட்டது. இல்வாழ்க்கை, வாழ்க்கைத்துணை, மக்கட்பேறு, அன்புடைமை ஆகியன முன் நிற்க, அவற்றின் பின்னரே விருந்து வருகின்றது. வீடும் துணையும் மக்களும் அன்பும் அமைந்த இடத்தில்தான் விருந்தோம்பல் ஓர் அறமாக முழுமை பெறும் என்பது இவ்வைப்புமுறையினால் உணர்த்தப்படுகின்றது. அவ்வாறாயின், அன்பும் மக்களும் துணையும் இருந்து, வீடு மட்டும் தமக்கு உரித்தாக இல்லாதவர்களின் விருந்தை எங்கே வைப்பது? பழைய இலக்கணத்தில் இதற்கு இடமில்லை. தோட்டத் தொழிலாளரின் வாழ்வே இவ்வினாவைத் தமிழுக்குக் கொண்டுவந்தது.

நவீன பயண இலக்கியத்துக்கு வருவோம். ஏ. கே. செட்டியார் இத்துறைக்கு ஆற்றிய தொண்டு பெரிது. உலகப் பயணங்களைத் தாம் எழுதியதோடு அமையாது, பழைய இதழ்களில் புதைந்து கிடந்த தமிழ்நாட்டு ஊர்ப் பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தவர் அவர். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதி 1971ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’, ஓர் ஆற்றின் போக்கையே நூலின் போக்காகக் கொண்டு, தலைக்காவேரி தொடங்கிப் பூம்புகார் வரை ஊர்களையும் கோயில்களையும் மனிதரையும் நுணுகி நோக்குவது. ஆற்றோரத்துச் சிற்றூர்களை இத்துணை ஈடுபாட்டுடன் எழுதிய நூல் வேறொன்றைச் சுட்டுவது கடினம். ஆயினும் அந்நூலின் ஆக்கத்துக்கு அடித்தளமாக ஒரு நம்பிக்கை இருக்கின்றது. வழி எவருக்கும் பொதுவானது, ஊர் திறந்தே கிடக்கின்றது, விரும்பியவர் விரும்பிய தெருவில் இறங்கி விரும்பியவரோடு பேசலாம் என்பதே அது. காவிரிக் கரையில் அது பெரும்பாலும் மெய்யாக இருந்தது. ஆகவே அதை எழுத வேண்டிய தேவை ஆசிரியர்களுக்கு ஏற்படவில்லை. குறை நூலினது என்பதைவிட, அந்நம்பிக்கையை எங்கும் பொருந்தும் விதியாகக் கொண்டுவிட்ட வாசகரது என்பதே பொருந்தும்.

சப்பிரகமுவவில் அந்நம்பிக்கை செல்லாது. கொழும்பிலிருந்து கிழக்கே வரும் வீதி அவிசாவளையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று எட்டியாந்தோட்டை வழியே மலையேறுகின்றது. மற்றது இரத்தினபுரி, பெல்மதுளை வழியாகப் பலாங்கொடைக்கும் இறக்குவானைக்கும் செல்கின்றது. நுவரெலியாவைப்போலக் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையே நிறைந்த நிலம் இதுவன்று. தாழ்ந்த பகுதிகளில் றப்பர், உயர்ந்த பகுதிகளில் தேயிலை, அவற்றிடையே வயலும் சிங்களக் கிராமமும் இரத்தினக்கல் அகழும் குழிகளும் எனப் பல்வேறு நிலங்கள் விரவிக் கிடக்கின்றன. றப்பர் மரத்தின் நிழலில் லயங்கள் மறைந்துவிடும். பஸ்ஸில் செல்லும் பயணி இரத்தினபுரி நகரையும் சமன் தேவாலயத்தையும் காண்பான். விடியுமுன் பால்வெட்டச் செல்லும் தொழிலாளியைக் காணமாட்டான். மலையக இலக்கியம் என்று பேசப்படுவதும் அட்டன், பதுளைப் பகுதிகளையே பெரிதும் களமாகக் கொண்டது. ஆதலின் சப்பிரகமுவத் தோட்டத்தார் பயணியின் கண்ணிலிருந்து மட்டுமன்றி, ஓரளவுக்கு இலக்கியத்தின் கண்ணிலிருந்தும் மறைந்தே வாழ்ந்தனர்.

இப்பகுதி பயணிகளையே அறியாதது என்பதற்கில்லை. சிவனொளிபாத மலைக்கு இரத்தினபுரி, பலாபத்தலை வழியாக ஏறும் பாதை மிகப் பழமையானது. 1344ஆம் ஆண்டளவில் இலங்கை வந்த இபின் பதூதாவுக்கு ஆரியச் சக்கரவர்த்தி பெருவிருந்தளித்து, அம்மலையைத் தரிசிப்பதற்குப் பல்லக்கும் துணையாளரும் தந்து அனுப்பினான். துணைவந்தோருள் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரசனின் ஆட்கள் பதின்மர், உணவுப் பொருள் சுமந்தோர் பதினைவர் என அப்பயணி கணக்குத் தருகின்றார். பல்லக்கைத் தோளில் தாங்கியோர் அடிமைகள். விருந்தளித்த அரசனின் பெருமையை உலகம் அறியும்; விருந்தைச் சுமந்தவர்கள் ஓர் எண்ணாக மட்டுமே எஞ்சினர். பயண இலக்கியத்தின் இவ்வியல்பு அன்றே முழுமையாக அமைந்துவிட்டது எனல் தகும்.

தோட்டங்கள் தோன்றியபின் விருந்து இரு வகைப்பட்டது. துரையின் பங்களாவுக்கு வரும் விருந்தினர் ஒரு வகை. அவர்களுக்கு விரிந்த அறைகளும் கணப்படுப்பும் சமையற்கார அப்புவின் கைப்பக்குவமும் காத்திருந்தன. பங்களா விருந்தோம்பலைப் புகழ்ந்து ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குறிப்புகள் ஏராளம். மற்றையது லயத்துக்கு வரும் விருந்து. பொதுவாக 10 அடிக்கு 12 அடி அளவான ஒரு காம்பராவும் முன்னே சிறு இஸ்தோப்புமே ஒரு குடும்பத்தின் இருப்பிடம். அது தோட்டத்துக்குச் சொந்தமானது. அங்கு வரும் அந்நியர் யார், எதற்காக வந்தார் என்று கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். துரையின் விருப்பமின்றித் தோட்ட எல்லைக்குள் நுழைபவர்மீது அத்துமீறல் குற்றம் பாயக்கூடும். கோ. நடேசய்யர் இலங்கைக்கு முதன்முறை வந்தபோது தொழிலாளரின் நிலையை நேரிற் காண்பதற்குத் துணி வியாபாரிபோல் வேடமிட்டே தோட்டங்களுக்குள் செல்ல வேண்டியிருந்தது என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுவர். தமிழன் ஒருவன் தமிழர் வீட்டு வாசலை அடைவதற்கு வேடம் தேவைப்பட்டது! மலைபடுகடாத்தின் கேளாமற் புகும் உரிமை எத்துணைத் தூரத்தில் நின்றுவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விருந்தினனுக்கு இருந்த இத்தடை வீட்டாரையே நோக்கித் திரும்பிய நிகழ்ச்சியும் சப்பிரகமுவவிலேயே நேர்ந்தது. 1946ஆம் ஆண்டில் கேகாலை மாவட்டத்து உருளவள்ளித் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்ட அரசு, அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களை வெளியேறுமாறு பணித்தது. அவர்கள் மறுத்தனர். களனிப் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் எங்கும் வேலைநிறுத்தம் பரவியது. தாம் வாழ்ந்துவந்த காம்பராவை விட்டு நீங்காதவர்கள் அத்துமீறி இருக்கின்றனர் என்று வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1950இல் முடிவுற்றது. தனக்கு உரிமையுண்டு என்று நேர்மையாக நம்பி ஒருவன் ஓரிடத்தில் இருப்பது, அதனால் நிலத்துக்குரியவருக்கு எரிச்சல் உண்டாகும் என்பது தெரிந்திருந்தது என்ற காரணத்தால் மட்டும் குற்றமாகாது என அங்கு கொள்ளப்பட்டது. சட்டம் அறிந்தோர் இதைத் தண்டனைக் கோவையின் ஒரு பிரிவுக்கான விளக்கமாகப் படிப்பர். இலக்கிய மாணவர் இதில் வேறொன்றையும் படிக்கலாம். தன் அடுப்பின் அருகே அமர்ந்திருப்பவன் அத்துமீறியவனா என்பதே உலகின் மறுகோடியில் வாதிக்கப்பட வேண்டிய வினாவாக இருந்தது. அத்தகையவன் தன் வீட்டுக்கு வந்தவனை ‘வாங்க’ என்று அழைத்த சொல்லின் எடை, திண்ணையுள்ள வீட்டுக்காரனின் அழைப்பின் எடையினும் வேறானது.

லயத்து விருந்து எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நோக்கின் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். அடுத்த தோட்டத்திலிருந்து மாமனோ சம்பந்தியோ வந்தால், காம்பராவின் உள்ளிடம் அவருக்கு. வீட்டு ஆண்கள் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுப்பர். நல்ல குவளை அயல் காம்பராவிலிருந்து வரும். சீனி இன்னொரு வீட்டிலிருந்து கைமாற்றாக வரும். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயத் தேத்தண்ணீரும் விருந்தாகும். திருவிழாவோ தீபாவளியோ ஆயின் சோறும் இறைச்சியும் சேரும். அதற்குரிய செலவு தீபாவளி முற்பணமாகத் தோட்டத்தில் பெறப்பட்டு, பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். உண்டவர் போய்ப் பல மாதமாகியும் விருந்தின் விலை செலுத்தப்பட்டுக்கொண்டேயிருக்கும். உலகம் முழுதும் பருகும் தேயிலையைப் பறிக்கும் கை தன் விருந்தினனுக்குத் தருவது பெரும்பாலும் தூள் தேயிலையின் சாயத்தையே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இங்கே சிறுபாணாற்றுப்படையின் மூடிய கதவை நினைவுகூர்தல் பொருத்தமாகும். பாணன் மனைவி நாணிக் கதவடைத்தாள். அவளது வறுமை அவளுக்கு மட்டும் உரியதாக அயலார் கண்ணிற் படும். லயத்திலோ வறுமை வரிசைக்கே பொதுவானது. ஒரு சுவர்க்கு அப்பால் அடுத்த அடுப்பு எரிகின்றது. குவளையும் சீனியும் வருவதற்குக் கதவு திறந்திருந்தாக வேண்டும். ஆகவே தோட்டத்தில் விருந்தோம்பல் தனி இல்லத்தாரின் குணநலம் என்ற நிலையிலிருந்து மாறி, ஒரு லயத்தின் கூட்டுச் செயலாகிவிடுகின்றது. இல் என்பது தனியொருவருக்கு இல்லாதவிடத்து, வரிசை முழுவதும் சேர்ந்து ஓர் இல்லாகின்றது எனலாம். வள்ளுவரின் வைப்புமுறையில் விடுபட்டுப்போன இடத்தை நிரப்புவது இக்கூட்டு வாழ்வே.

ஆயினும் இதனை மிகைப்படப் போற்றுவதும் பிழையாகும். வறியோரின் விருந்தை வியந்து எழுதுபவர் வறுமைக்கே ஓர் அழகைக் கற்பித்துவிடும் அபாயம் உண்டு. லயத்து வாழ்விலும் சாதி பார்க்கப்பட்டது. யார் வீட்டில் யார் கை நனைப்பது என்ற கணக்கு கடல் கடந்தும் தொடர்ந்தது. விருந்தின் உழைப்பு பெண்ணின் தலையிலேயே விழுந்தது. விடியற்காலைப் பெரட்டுக்கு முன் எழுந்து, பகல் முழுவதும் கொழுந்தெடுத்தோ பால்வெட்டியோ திரும்பிய பெண்ணே வந்தவருக்கு ரொட்டி தட்ட வேண்டும். அவள் உண்பது எல்லாருக்கும் பின்னர். பயணியின் நன்றியுரையில் ‘அம்மக்கள்’ என்று பொதுவாகக் கூறப்படும் சொல், அடுப்படியில் நின்றவள் யார் என்பதை மறைத்துவிடுகின்றது.

மலையகத்தின் உள்ளிருந்து எழுந்த இலக்கியத்தில் விருந்தோம்பல் ஒரு வியப்பாகப் பேசப்படாமைக்குக் காரணம் இதுவே. ஸி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் முதலியோர் தோட்டத்தை உள்ளிருந்து கண்டவர்கள். உள்ளிருப்பவனுக்குத் தேத்தண்ணீர்க் குவளை அன்றாட நிகழ்ச்சி. அதைத் தரும் கையின் காயமே எழுதற்குரியது. கோகிலம் சுப்பையாவின் நாவல் 1964இல் வெளிவந்தபோது அதற்கு இடப்பட்ட ‘தூரத்துப் பச்சை’ என்னும் பெயரையே ஒரு விமரிசனமாகக் கொள்ளலாம். பச்சை என்பது தூரத்திலிருந்து நோக்குபவரின் நிறம். புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய ‘துன்பக்கேணி’ இதற்கு மற்றொரு கோணத்திலிருந்து துணைநிற்கின்றது. இலங்கைத் தோட்டத்தை நேரிற் காணாமலே எழுதியமையால் அக்கதையில் விவரப் பிழைகள் இருக்கலாம்; ஆயினும் நேரிற் கண்டுசென்ற பல பயணிகள் கேளாத வினாவை அவர் கேட்டார். பயணம் மட்டும் பார்வையைத் தந்துவிடுவதில்லை.

விருந்தினர், வீட்டார் என்ற பாகுபாடே இம்மக்களின் வரலாற்றில் தலைகீழாக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், நூறாண்டுக்கு மேலாக இம்மண்ணில் உழைத்தவர்களின் வழிவந்தோரை நாடற்றவர் ஆக்கியது. வீட்டாராக இருந்தோர் ஒரே சட்டத்தால் போகவேண்டிய விருந்தாளிகளாக எண்ணப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்மானிப்பதென்றும் மனிதரைப் பங்கிட்டது. இவ்வாறு தலைமன்னாரில் கப்பலேறியவர்களும் இந்தியச் சிற்றூர்களினூடே பயணம் செய்தவர்களே. ஒருகாலத்தில் இலங்கை செல்வோரை நோய்த்தடுப்புக்கென நிறுத்திவைத்த மண்டபம் முகாமே திரும்பி வந்தோருக்கும் வாயிலாயிற்று. அவர்களுட் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் மீண்டும் தேயிலைத் தோட்டத்தையே அடைந்தனர். 1968இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம் அவர்களை முன்னிட்டதே. இலங்கையில் ‘இந்தியாக்காரர்’ எனப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். இந்தியச் சிற்றூர்களின் விருந்தோம்பலைப் பாடும் பயண நூல்களின் வரிசையில் இப்பயணத்துக்கு இடம் கிடைக்கவில்லை. மூட்டையும் அடையாளத் தாளும் ஏந்திய ஒருவன் அதே ஊர்களினூடே சென்றபோது அவை எவ்வாறு தோன்றின என்பது, ‘நடந்தாய் வாழி காவேரி’ போன்ற நூல்களின் அருகே வைத்துப் படிக்கப்பட வேண்டிய மறுபக்கமாகும்.

எஞ்சியோருக்கும் வாசல் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் நிகழ்ந்த வன்செயலில் லயங்கள் தாக்கப்பட்டன. குடும்பங்கள் வவுனியாப் பக்கம் பெயர்ந்தன. முதல் நாள் மாலை விருந்தினனுக்குப் பாய் விரித்தவர்கள் மறுநாள் வேறொருவரின் வாசலில் அகதிகளாக நின்றிருத்தல் கூடும் என்பது இவ்வாழ்வின் இயல்பாயிற்று.

அதன்பின் மாற்றங்கள் நேர்ந்துள்ளன. குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. தனி வீடுகளும் காணியுறுதிகளும் சிலருக்குக் கிடைத்தன. எனினும் பல தோட்டங்களில் லயத்துக்கென்று தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்தின் கைவழியே வருகின்றது. விருந்தினர் வருவதை முன்னறிவிக்கும் கடிதம்கூட வாசலைத் தானாக வந்து தட்டுவதில்லை. மறுபுறத்தில், பழைய துரைமார் பங்களாக்கள் சில உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகியுள்ளன. விருந்தோம்பல் என்ற சொல்லே ஒரு தொழில்துறையின் பெயராகிவிட்டது. பங்களா விருந்து விற்பனைப் பொருளாயிற்று. லயத்து விருந்து இன்னும் கடனிலேயே நடைபெறுகின்றது.

மேற்கூறியவற்றைக் கொண்டு பயண இலக்கியத்தை மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோலை வகுக்கலாம். விருந்தைப் பற்றி எழுதுபவர் எவ்வளவு நெகிழ்ந்தார் என்பது அந்நூலின் தரத்தைக் காட்டாது. அழைத்தவருக்கு அழைக்கும் உரிமை இருந்ததா, சமைத்தவர் யார், விருந்தின் செலவு யாருடைய எந்த மாதக் கூலியில் கழிந்தது என்பவற்றை அந்நூல் காணத் துணிந்ததா என்பதே தரத்தைக் காட்டும். காவிரிக் கரையைப் பற்றிய நல்ல நூல்களும் இவ்வளவுகோலால் குறைந்துவிடமாட்டா. அவை காட்டிய திறந்த வாசல்களின் பின்னே இருந்த உரிமை இன்னும் தெளிவாகவே புலப்படும். சப்பிரகமுவவின் றப்பர் நிழலில் இன்னும் எழுதப்படாத பயண நூல் ஒன்று இருக்கின்றது. அதை எழுதவேண்டியவர் அங்கே ஒரு குவளை தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரும் பயணியா, அக்குவளையை அயல் காம்பராவில் இரவல் வாங்கி வந்த பெண்ணின் மகளா என்பது தமிழ் இலக்கிய உலகம் விடைகூற வேண்டிய வினாவாகும். தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழக வகுப்புகளில் அமர்ந்திருக்கும் இக்காலத்தில் அவ்விடை நெடுநாள் தாமதிப்பதற்கு நியாயமில்லை.